ஆமை புகுந்த பட்டறை

இருபது நாட்களாக அந்த வீட்டு மாடிப்படியில் இரண்டு பெண்களும் எதிரெதிரே வந்தால், ஒருத்தி சுவரைப் பார்ப்பாள். இன்னொருத்தி கைப்பிடியைப் பார்ப்பாள்.

காரணம் இந்தக் கதையை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி.

கீழே கிரில் பட்டறை. முதல் மாடியில் பட்டறைக்காரரும் அவர் மனைவி பெரியவளும். இரண்டாம் மாடியில் அவருடைய தம்பியும் தம்பி மனைவி சின்னவளும். தம்பிக்கு லாரி ஓட்டும் வேலை, வாரத்தில் பாதி நாள் வீடு தங்க மாட்டான். சின்னவளுக்கு மருந்துக்கடையில் வேலை. ஏழு வாரத்துக்கு முன்னால் பட்டறைக்காரர் ஏணியிலிருந்து விழுந்து வலது கையை இரண்டு இடத்தில் முறித்துக்கொண்டார். விழுவதற்கு முன்பு, நகர நூலகத்தின் புதிய கட்டடத்துக்காகப் பட்டறைத் தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய பூ வரைந்து வைத்திருந்தார். அங்கே படிக்கட்டு ஓரமாக ஐந்து வட்ட ஜன்னல்கள். அவற்றுக்கான கிரில் வேலைக்குத்தான் அந்தப் பூ. இரண்டாவது அறுவை முடிந்து அவரை வீட்டுக்கு அழைத்து வந்த நாளில், புண்ணுக்குத் தூசி ஆகாதே என்று சின்னவள் பட்டறைத் தரையைத் தண்ணீர் ஊற்றிப் பளிச்சென்று கழுவிவிட்டாள். பூவும் சாக்கடையோடு போனது.

அன்று பெரியவள் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். "மாத்திரை எண்ணுற கைக்கு இரும்போட அருமை எங்கே தெரியப் போகுது." அதோடு பேச்சு நின்றது.

பட்டறைக்காரரைத் திரும்ப வரையச் சொல்லிக் கேட்டார்கள். முடியவில்லை. அது தன் கையில் இருந்தது, தலையில் இல்லை என்றார். கை மாவுக்கட்டுக்குள் கிடந்தது. வேறு வேலையும் வரவில்லை. பட்டறையில் இருந்த இரண்டு ஆட்களிடமும் திங்கட்கிழமையிலிருந்து வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நூலக வேலையை யாருக்குக் கொடுப்பது என்று ஆர்க்கிடெக்ட் அம்மா முடிவு செய்யும் நாள் சனிக்கிழமை, காலை பதினொரு மணி.

அந்தச் சனிக்கிழமை விடிந்தது.

சின்னவள் கடைக்கு விடுப்புச் சொல்லியிருந்தாள். ஆறரை மணிக்கே சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். அழித்தவள் நான், வரைய வேண்டியவளும் நான் என்று இருபது நாட்களாக அவளுக்குள் ஒரு முள். ஆனால் அவள் கையால் ஒரு நேர்க்கோடுகூட நேராக வராது. பள்ளிக்கூடத்தில் அவள் வரைந்த பூனையைப் பார்த்து டீச்சர், பாத்திரம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டியிருக்கிறார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் பைத்தான் அவள் கண்ணில் பட்டது. அது ஒரு கணினி மொழி. புதிதாகக் கற்பவர்களுக்கான இலவசப் பாடத்தில் முதல் வாரமே படம் போடச் சொல்லித் தந்தார்கள். திரையின் நடுவில் ஒரு சின்ன ஆமை நிற்கும். இத்தனை தூரம் முன்னே போ என்று ஒரு வரி எழுதினால் போகும். இத்தனை டிகிரி இடப்பக்கம் திரும்பு என்றால் திரும்பும். வளைந்து போ என்றால் வளைந்து போகும். போன வழியெல்லாம் கோடு விழும். கை நடுங்காத கோடு.

முதல் நாள் சதுரம் வந்தது. மறுநாள் கடையில் இருமல் மருந்து வாங்க வந்தவரைப் பார்த்து அவள் காரணமே இல்லாமல் சிரித்தாள். மூன்றாம் நாள் முக்கோணம். பிறகு வட்டம். ஆனால் இதழ்தான் வரவே மாட்டேன் என்றது.

இதழ் என்பது என்ன? ஒரு வளைவு, முனையில் ஒரு திருப்பம், புறப்பட்ட இடத்துக்கே இன்னொரு வளைவு. எட்டு இதழ் சேர்ந்தால் ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு முந்நூற்று அறுபது டிகிரி, எட்டால் வகுத்தால் நாற்பத்தைந்து. அதனால் முனையில் நாற்பத்தைந்து திரும்பு என்று எழுதினாள். ஆமை வளைந்து போனது, திரும்பியது, மறுபடி வளைந்து எங்கோ போய் நின்றது. இதழ் மூடவில்லை. உடைந்த வளையல் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. எட்டு முறை செய்யச் சொன்னால், எட்டு உடைந்த வளையல்.

அந்தச் சனிக்கிழமையும் அதே கதைதான், ஏழரை மணி ஆகிவிட்டது. நாற்பது போட்டுப் பார்த்தாள். ஐம்பது போட்டுப் பார்த்தாள். வாய் மூடவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. பெரியவள்.

அவள் சண்டை போட வரவில்லை. சொல்லிவிட்டுப் போக வந்திருந்தாள். பதினொரு மணிக்குத் தான் மட்டும் போய், எங்களால் ஆகாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வரப் போவதாகவும், வீட்டுக்காரர் மருந்து வேளைக்கு யாராவது கீழே இருந்தால் தேவலை என்றும், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்துத் திரும்பும்போது கண் திரையில் விழுந்தது.

அந்த எட்டு வளையல்களையும் அவள் சற்று நேரம் பார்த்தாள்.

"இது அவரு போட்ட பூதானே?"

சின்னவள் தலையாட்டினாள்.

"முனையில எவ்வளவு மடக்குறே?"

நாற்பத்தைந்து என்றாள் சின்னவள். முனையின் கோணம் அதுதானே என்று கேட்டாள்.

பெரியவளின் முந்தானை முடிச்சில் எப்போதும் ஒரு துண்டுக் கட்டுக்கம்பி இருக்கும். கீ செயின் அறுந்தாலும் வாளிக் காது கழன்றாலும் அதுதான் வைத்தியம். அதை எடுத்து மேசைமேல் நேராக வைத்தாள். நடுவில் விரலை ஊன்றி, பாதிக் கம்பியைக் கொஞ்சமாகத் திருப்பினாள்.

"இதுதான் நாப்பத்தஞ்சு. பாரு, முனையா இது? தெருமுக்குல வண்டி திரும்புற மாதிரி இருக்கு. கம்பி நேராப் போகத்தான் பார்க்கும். அது போக நினைச்ச வழியிலேர்ந்து எவ்வளவு திருப்புறோம்னுதான் கணக்கு." கம்பியை இன்னும் மடக்கிக்கொண்டே போனாள். இரண்டு பாதியும் நெருங்கி, கூரான மூக்கு மாதிரி ஆனபோது நிறுத்தினாள். "முனை கூரா வேணும்னா நிறைய மடக்கணும். உள்ளே மிச்சம் இருக்கிறதுதான் உன் நாப்பத்தஞ்சு."

சின்னவள் கம்பியைப் பார்த்தாள். நேர்க்கோடு நூற்றெண்பது. அதில் நாற்பத்தைந்து போனால் நூற்று முப்பத்தைந்து.

எண்ணை மாற்றினாள். ஆமை கிளம்பியது. வளைந்தது, முனையில் வெடுக்கென்று திரும்பியது, வளைந்து வந்து புறப்பட்ட புள்ளியிலேயே மூக்கை வைத்து நின்றது. பிறகு அடுத்த இதழ். அடுத்தது. எட்டாவது இதழ் முதலாவதை ஒட்டி வந்து நின்றது. திரை முழுக்க ஒரு பூ இருந்தது.

பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவள் உட்கார்ந்து இருபது நாள் ஆகியிருந்தது.

அழ வேண்டியதற்குப் பதில் வேலை ஆரம்பித்தது. கம்பி எவ்வளவு வெட்ட வேண்டும் என்று உன் ஆமை சொல்லுமா என்று பெரியவள் கேட்டாள். சின்னவள் பாடத்தைப் புரட்டி, வளைவின் நீளத்தைக் கணக்கிட்டு எழுதிக் காட்டச் சொல்லி இரண்டு வரி சேர்த்தாள். இருபத்து நாலு புள்ளி ஆறு மூன்று அங்குலம் என்று வந்தது.

"டேப்புல புள்ளி ஆறு மூணுன்னு ஒண்ணும் கிடையாது. நூல்ல சொல்லு."

அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு நூல். புள்ளிக்குப் பின்னால் உள்ள மிச்சத்தை எட்டால் பெருக்கும்படி ஆமைக்கு இன்னொரு வரி எழுதினாள் சின்னவள். இருபத்து நாலு அங்குலம் ஐந்து நூல் என்று வந்தது. பெரியவள் முகத்தில் முதல்முறையாக ஒரு நிம்மதி. அது அவளுடைய பாஷை.

பிறகு அவள்தான் இன்னொன்றும் கேட்டாள். எட்டு வேண்டாம், பத்து வேண்டும் என்று அங்கே கேட்டால் என்ன செய்வாய்? சின்னவள் எல்லா எண்ணையும் மாற்ற வேண்டும் என்றாள். அப்படியானால் எதையும் கல்லில் வெட்டின மாதிரி எழுதாதே என்றாள் பெரியவள். பதினெட்டு வருஷமாக வாடிக்கையாளர்களைப் பார்க்கிறாளாம். வெல்டிங் பற்றவைத்த பிறகு கதவை இடப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றச் சொன்னவர்கள் உண்டாம்.

சின்னவள் எண்களை எடுத்துவிட்டுப் பெயர்களை வைத்தாள். மேலே இரண்டே வரி: இதழ் எத்தனை, அகலம் எத்தனை. பெயரைத் தமிழிலேயே எழுதிப் பார்த்தாள், அது ஏற்றுக்கொண்டது. கீழே உள்ள கோணம், வளைவு, நீளம் எல்லாம் அந்த இரண்டைப் பார்த்துத் தாங்களாகவே மாறின.

முதல் மாடியில் பட்டறைக்காரருக்கு மருந்து கொடுக்கப் போனபோது திரையைக் காட்டினார்கள். அவர் வெகுநேரம் பார்த்தார். யார் வரைந்தது என்று கேட்டார். ஆமை என்றாள் சின்னவள்.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்வாங்க."

"அமீனா வர்றதுக்கு முன்னாடி ஆமை வந்துச்சேன்னு சந்தோஷப்படுங்க," என்றாள் பெரியவள், மாத்திரையை அவர் வாயில் போட்டபடியே.

அவர் சிரிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தன் கை இல்லாமல் அந்தப் பூ வந்தது அவருக்கு எங்கோ வலித்திருக்க வேண்டும். படி இறங்கும்போது இரண்டு பெண்களுக்கும் அது புரிந்தது. ஆனால் மணி ஒன்பதே முக்கால்.

ஜெராக்ஸ் கடையில் படத்தையும் அளவுகளையும் பெரிய தாளில் அச்செடுத்தார்கள். தாளின் கீழே தொடர்புக்கு ஓர் எண் போடட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். பட்டறையின் பழைய எண் ஏழு வாரமாக அணைந்து கிடந்ததால் சின்னவள் தன் எண்ணைச் சொன்னாள். இரண்டு பேரும் பஸ் பிடித்தார்கள். வழியெல்லாம் லேப்டாப்பைப் பெரியவள்தான் மடியில் வைத்துக்கொண்டாள், பிறந்த குழந்தையை வைத்துக்கொள்வது போல.

நூலகக் கட்டடத்தில் இன்னும் சிமெண்ட் ஈரம் காயவில்லை. படிக்கட்டு சுற்றிச் சுற்றி ஐந்து மாடி ஏறியது. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு வட்ட ஓட்டை, அதன் வழியே ஒரு தட்டு வெயில்.

இதே வேலையைக் கேட்டுக் கிரில் ஷோரூம்காரர் ஒருவர் முன்னாலேயே வந்திருந்தார். நகரத்தில் மூன்று ஷோரூம் அவருக்கு. கையில் பளபளப்பான கேட்லாக். ஆர்க்கிடெக்ட் அம்மா ஒல்லியாக, தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு, அவர் காட்டிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் அழகாகத்தான் இருந்தது. பெரியவளுக்கே பிடித்திருந்தது.

ஆர்க்கிடெக்ட் அம்மா சுற்றி வளைக்கவில்லை. ஒரு சிக்கல் என்றார். ஐந்து ஜன்னலும் நாற்பத்தெட்டு அங்குலம் என்றுதான் வரைபடம். பூச்சு வேலை முடிந்து நேற்று அளந்தால் ஒன்றுக்கு ஒன்று சேரவில்லை. கீழே நாற்பத்தேழு, அடுத்தது நாற்பத்தாறரை, நடுவில் நாற்பத்து நாலரை, அப்புறம் நாற்பத்தேழு, மேலே நாற்பத்தாறு. பூசிய மேஸ்திரி சற்றுத் தள்ளி நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷோரூம்காரர் கேட்லாக்கை மூடினார். ஐந்து அளவு என்றால் ஐந்து வரைபடம், புதிதாகப் போட வேண்டும், எப்படியும் பத்து நாள் ஆகும் என்றார். இல்லையென்றால் எல்லா ஓட்டையையும் இடித்து ஒரே அளவாக்கிவிடலாம் என்று யோசனையும் சொன்னார். மேஸ்திரி நிமிர்ந்து அவரைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் சிமெண்ட் மூட்டைமேல் லேப்டாப்பைத் திறந்தாள்.

நாற்பத்தேழு போட்டாள். ஆமை போய் வந்தது. பூவும் அளவுகளும் வந்தன. ஆர்க்கிடெக்ட் அம்மா ஹெல்மெட்டைக் கழற்றினார். நாற்பத்தாறு புள்ளி ஐந்து. வந்தது. மூன்றாவதாக நாற்பத்து நாலரையைத் தட்டினாள். வெள்ளைத் திரை. அதன் பக்கத்தில் மளமளவென்று சிவப்பு எழுத்துகள்.

ஷோரூம்காரர், மெஷின் இல்லையா, அப்படித்தான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னாலும் ஐந்து மாடிக்கும் கேட்டது, கட்டடம் காலியாக இருந்ததால்.

பெரியவள் குனிந்து அவள் காதருகே வந்தாள்.

"கம்பி தப்பா வளைஞ்சா நாம என்ன அழுவோமா? எங்கே வளைஞ்சதுன்னு பாரு."

சின்னவள் சிவப்பு எழுத்துகளைப் படித்தாள். ஆறாம் வரியில் தவறு என்றது. ஆறாம் வரியைப் பார்த்தாள். அதில் ஒரு குறையும் இல்லை. அகலத்தைப் பாதியாக்கு என்பது மட்டும்தான் அங்கே இருந்தது. அப்படியானால் அகலத்தில்தான் ஏதோ இருக்கிறது. மேலே போனாள். நாற்பத்து நாலு, காற்புள்ளி, ஐந்து. புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி.

பக்கத்து விசை. அவ்வளவுதான். மாற்றித் தட்டினாள். ஆமை கிளம்பியது.

எட்டு இதழும் மூடும்வரை யாரும் அசையவில்லை. மேஸ்திரி எப்போது பக்கத்தில் வந்து நின்றார் என்று தெரியவில்லை. ஆமை கடைசி வளைவை முடித்ததும் அவர்தான் முதலில் மூச்சுவிட்டார். இடிக்க வேண்டாம் இல்லையா என்று கேட்டார். வேண்டாம் என்றாள் சின்னவள்.

ஆர்க்கிடெக்ட் அம்மா எட்டுக்குப் பதில் பன்னிரண்டு இதழ் போட முடியுமா, சும்மா பார்க்கத்தான் என்று கேட்டார். பெரியவளின் உதட்டோரம் லேசாக அசைந்தது. காலையில் அவள் சொன்னது நடந்துகொண்டிருந்தது. சின்னவள் மேல்வரியில் ஓர் எண்ணை மாற்றினாள். இதழ்கள் மெலிந்து, நெருங்கி, பன்னிரண்டாக விரிந்தன. ஆறு போட்டாள், ஆறு தடித்த இதழ்.

ஆர்க்கிடெக்ட் அம்மா அண்ணாந்து படிக்கட்டைப் பார்த்தார். ஐந்து வட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்த்தார். பிறகு அவர் குரலில் இருந்த கண்டிப்பு போய், விளையாட வந்தவர் மாதிரி பேசினார்.

"கீழே ஆறு இதழ். அப்புறம் எட்டு, பத்து, பன்னிரண்டு. உச்சியில பதினாறு. படியேற ஏறப் பூ விரியணும். செய்வீங்களா?"

சின்னவள் லேப்டாப் பக்கம் குனிந்தாள். ஐந்து அகலம், ஐந்து எண்ணிக்கை. வரிசையாகப் போட்டாள். கால் மணி நேரத்தில் ஐந்து பூவும் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் எந்தக் கம்பியை எத்தனை அங்குலம் எத்தனை நூல் வெட்ட வேண்டும் என்றும் இருந்தது.

ஆர்க்கிடெக்ட் அம்மா, இந்தப் பெண் யார் என்று பெரியவளைப் பார்த்துக் கேட்டார்.

"இவ என் ஓரகத்தி. வரையறது இவ. வளைக்கிறது நாங்க," என்றாள் பெரியவள். சொல்லும்போது அவள் கை சின்னவளின் தோளில் இருந்தது. தன் கை அங்கே போனது அவளுக்கே தெரிந்திருக்காது.

ஐந்தும் உங்களுக்குத்தான், திங்கட்கிழமை வேலையைத் தொடங்குங்கள் என்றார் ஆர்க்கிடெக்ட் அம்மா. ஷோரூம்காரர் கேட்லாக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். போகும்போது, மூட்டைமேல் இருந்த அச்செடுத்த தாள்களில் ஒன்றை, பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி எடுத்தார். திருப்பித் தரவில்லை. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் இருவருக்கும் ஒரே சீட் கிடைத்தது. பெரியவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே, அந்தத் தரையைக் கழுவினது நல்ல எண்ணத்தில்தான் என்று தனக்கு அன்றைக்கே தெரியும் என்றாள். சின்னவள் அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி, திரும்பி நடந்து வந்தார்கள். இறங்க வேண்டிய இடத்தை இருவருமே பார்க்கவில்லை.

பட்டறை ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே பட்டறைக்காரர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் படி இறங்கியது அதுதான் முதல் முறை. இரண்டு ஆட்களும் சாமான்களை மூட்டை கட்டி வைத்துவிட்டு, போகவும் மனமில்லாமல் இருக்கவும் வழியில்லாமல் நின்றிருந்தார்கள்.

பெரியவள் ஒரே வார்த்தையில் சொன்னாள். "நமக்குத்தான்."

ஆட்களில் ஒருவர் மூட்டையை அவிழ்க்க ஆரம்பித்தார்.

வரும் வழியில் புதிதாக அச்செடுத்து வந்த தாள்களைப் பட்டறைக்காரர் இடது கையால் வாங்கினார். கீழ்ஜன்னலின் கணக்கை முதலில் பார்த்தார். ஆறு இதழ் என்றால் வளைவின் ஆரமும் இதழின் நீளமும் ஒன்றாகத்தான் வரவேண்டும் என்று முணுமுணுத்தார். இருபத்து மூன்றரை, இருபத்து மூன்றரை. ஒன்றாகத்தான் இருந்தது. ஆணியையும் நூலையும் சாக்பீஸையும் கேட்டார். ஆள் ஆணியைப் பிடிக்க, இடது கையாலேயே தரையில் ஒரு வளைவு இழுத்தார். கோணலாகத் தொடங்கியது, போகப்போகச் சீரானது.

கம்பியை வெட்டினார்கள். இரும்பு மேசையில் நட்ட முளைகளுக்கு நடுவே கொடுத்து வளைத்தார்கள். முனையைக் காய்ச்சி மடக்கினார்கள். சின்னவள் குறடால் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்; வெப்பம் முகத்தில் அடித்தது. கம்பியின் இரண்டு நுனியும் ஒன்றை ஒன்று நோக்கி வந்தன. வந்து, முத்தமிட்ட மாதிரி நின்றன. இடையில் ஒரு காகிதம் நுழையாது.

பட்டறைக்காரர் இதழைச் சுற்றி விரலை ஓட்டினார்.

"நான் போட்டதைவிட இது சுத்தம்," என்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "அந்தப் பூ எனக்கும் மூடலை. நாலு நாளாப் போராடிட்டிருந்தேன். ஏழு இதழ் வந்தது, எட்டாவதுக்கு இடமில்லை. இவ கழுவினது முடியாத படத்தைத்தான்."

பெரியவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இருபது நாளா நான் இவகூடப் பேசலை. நீங்க பார்த்துக்கிட்டே இருந்தீங்க."

"சொல்லணும்னுதான் நினைச்சேன்," என்றார் அவர். "ஆனா நீங்க ரெண்டு பேரும் பேசாததில வீடு கொஞ்சம் அமைதியா இருந்துச்சு."

முதலில் சிரித்தது ஆட்களில் ஒருவர்தான். அப்புறம் சின்னவள், குறடும் கம்பியும் கையில் குலுங்கக் குலுங்க. பெரியவள் கோபத்தை எவ்வளவு நேரம் பிடித்து வைக்க முடியுமோ அவ்வளவு நேரம் பிடித்து வைத்தாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள். தெருவில் போனவர்கள் ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தார்கள்.

இரண்டாவது இதழுக்குக் கம்பி வெட்டிக்கொண்டிருந்தபோது சின்னவளின் கைப்பைக்குள் போன் அடித்தது. அவளுடைய இரண்டு கையிலும் குறடு. எடுக்கச் சொல்லிப் பெரியவளுக்குத் தலையை ஆட்டினாள்.

பெரியவள் எடுத்து, ஹலோ என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. எதிர்முனையில் இருந்தவர் விடாமல் பேசினார். அவள் மெல்ல நகர்ந்து ஷட்டர் ஓரம் போனாள். ஒரு முறை புருவத்தை உயர்த்தினாள். ஒரு முறை பட்டறையைத் திரும்பிப் பார்த்தாள். கடைசியில், சின்னவள் பேசுகிற மாதிரியே குரலைச் சன்னமாக்கிக்கொண்டு, "சரிங்க, நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடறேன்," என்று சொல்லி வைத்தாள்.

யார் என்று கேட்டாள் சின்னவள்.

"ஷோரூம்காரர். தாள்ல உன் நம்பரைப் பார்த்திருக்கார். நீதான் பேசுறேன்னு நினைச்சு மனசில இருக்கிறதை எல்லாம் கொட்டிட்டார். மூணு ஷோரூமுக்கும் வரைய ஆள் இல்லையாம். உன்னை வரச் சொல்றார்."

"நான் எதுக்கு அங்கே போகணும்?"

"நீ பத்து மணிக்கு வரேன்னு சொல்லியிருக்கே."

"நானா சொன்னேன்?"

"நீதான் சொன்னே. நானும் கூட வரேன்." பெரியவள் போனைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அவள் கண்ணில் இருந்தது கோபமும் இல்லை, பயமும் இல்லை. பதினெட்டு வருஷம் பேரம் பேசிப் பழகியவளின் வெளிச்சம் அது. பட்டறைக்காரர் அதை முன்பே பார்த்திருக்கிறார் போல. முக்காலியை ஓர் அடி பின்னுக்கு நகர்த்தினார்.

"அக்கா, அங்கே போய் என்ன பண்ணப் போறோம்?"

"நீ உன் ஆமையை எடுத்துக்க. அவருக்கு வரைய ஆள் வேணும், நமக்கு வேலை வேணும். பேசுறதை நான் பேசிக்கிறேன்."

அடுத்த கம்பி மேசைமேல் ஏறியது.